எலி நொதியும் ஜென்னி மிஸ்ஸும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்குப் பெயர் எலிக்காரி. ஜெயந்தினி என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கம்பஸ் போய் விஞ்ஞானம் படித்துவிட்டு எலி விற்கிறாள் என்று மேல் லயத்து வரிசை வீடுகளில் கிளம்பிய பேச்சு, வட்டகொடை ஸ்டேஷன் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் எலி விற்கவில்லை. எலியைக் கண்டால் மேசை மேல் ஏறி நிற்கிற ஆள் நான். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஆய்வுகூடங்களுக்குப் புரதங்கள் விற்கிறது. அதில் பாதி எலிப் புரதம். எலியின் உடம்பில் ஒரு நொதி உண்டாவதற்கான மரபணுவை மட்டும் எடுத்து, ஆய்வுகூடத்தில் வளரும் வேறு உயிரணுக்களுக்குள் வைப்பார்கள். அவை அந்த நொதியைச் செய்து கொடுக்கும். அதை வடித்து, சுத்தம் செய்து, உறையவைத்து, சுண்டுவிரல் அளவு குப்பியில் அடைத்து விற்பார்கள். பெட்டிக்குள் எலியின் வால் முடிகூட இருக்காது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்து கேள்வி கேட்பவர்களுக்கு உடனுக்குடன் பதில் எழுதுவது என் வேலை.

"அப்ப எலியே இல்லாம எலிச் சாமானா? நல்லா ஏமாத்துறானுங்க" என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மா அக்கா, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தபடி. "சம்பளம் ஒழுங்கா போடுறானா? அது போதும் புள்ள. நீ எலிய வித்தா என்னா, பூனைய வித்தா என்னா."

எங்கள் டிவிஷனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பழைய பிள்ளைக் காம்பராவில் மட்டும்தான். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. இப்போது விடுவதற்குக் குழந்தைகள் இல்லை. இளவட்டம் எல்லாம் கொழும்புக்குக் கடை வேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போய்விட்டது. பூட்டிக் கிடந்த காம்பராவைத் தோட்டத் துரையிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். சுவரில் நிறம் போன வாத்துப் படம், மேலே தொட்டில் கட்டுகிற இரும்பு வளையங்கள், நடுவில் நானும் என் கணினியும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் சமைக்கிறார். தம்பி கத்தாரில். காலை முதல் மாலை வரை ஒரு மனுஷக் குரல் காதில் விழாத நாட்கள் எனக்கு நிறைய உண்டு. நாலு நாட்டு ஆட்களோடு பேசுகிற வேலையை வைத்துக்கொண்டு தனிமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தனிமைதான்.

கம்பெனியில் என் பெயர் ஜென்னி. பெயரை அவர்களே கொடுத்தார்கள். எந்த ஊர் என்று சொல்லக் கூடாது, சொந்தக் கதை பேசக் கூடாது. இந்தியா, பங்களாதேஷ், இலங்கைப் பக்கத்திலிருந்து வருகிற கேள்விகள் என் பங்குக்கு வரும். பெங்களூர் ஆய்வுகூடம், டாக்கா பல்கலைக்கழகம் என்றுதான் வழக்கமாக வரும்.

ஆடிக் காற்றில் கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் புதிதாக ஒரு கேள்வி வந்தது. "குப்பி உடப்புசல்லாவைக்கு வந்து சேருமா மிஸ்?"

இரண்டு தடவை படித்தேன். நுவரெலியாவைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் உடப்புசல்லாவை. அங்கே தேயிலை உண்டு, லீக்ஸ் உண்டு, எலும்பைத் துளைக்கிற குளிர் உண்டு. ஆய்வுகூடம் எப்போது முளைத்தது? அனுப்பியவர் பெயர் முத்துலிங்கம். நிறுவனம் என்ற இடத்தில் 'எம்.எல். லெபோரட்டரி' என்று போட்டிருந்தார். முகவரியோ ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் எழுதியது ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து, வரிக்கு வரி மிஸ் போட்டு. அவர் கேட்ட நொதியின் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அதனால் விட்டுவிடுகிறேன்.

"இதற்கு வாசம் இருக்குமா மிஸ்?" என்று கேட்டார். இருக்காது என்றேன். "தொண்ணூற்றைந்து வீதம் சுத்தம் என்று போட்டிருக்கிறதே, உண்மையா? எங்கள் ஃபேக்டரி நம்பர் வன் டீகூட அவ்வளவு சுத்தம் கிடையாது." உண்மைதான் என்றேன். "பதினான்கு கிலோவுக்கு எவ்வளவு போட வேண்டும்?"

பதினான்கு கிலோவில் எலி கிடையாது. சிரிப்பு நின்றுவிட்டது.

இப்படி யாராவது கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனி சொல்லித் தந்திருக்கிறது. 'இந்தப் பொருள் ஆய்வுக்கு மட்டுமே, மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற வாக்கியத்தை ஒட்டிவிட்டு உரையாடலை மூடிவிட வேண்டும். நான் வாக்கியத்தை ஒட்டினேன். மூடவில்லை. ஏன் என்றால், அன்று காலையிலிருந்து என்னோடு பேசிய முதல் ஆள் அவர். பெரிய மனசு கிரிய மனசு ஒன்றும் இல்லை.

"தெரியும் மிஸ்" என்று எழுதினார். "சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிறவர் மறுநாளும் வந்தார். அடுத்த நாளும் வந்தார், நோயாளி மகளுக்குத்தான் என்று ஒத்துக்கொண்டார். பிள்ளை, நோய் என்றெல்லாம் எழுதினால் கம்பெனியில் மேலே இருப்பவர்கள் படித்து உரையாடலை நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்குச் சொல்லி வைத்தேன். அவர் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். தேயிலையைச் சின்னப் பொதியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற சாம்பிளைத் தினமும் பார்க்கிறவர். அதனால் மகளைச் சாம்பிள் ஆக்கிவிட்டார். 'சாம்பிள் இன்றைக்கு இரண்டு வாய் சோறு சாப்பிட்டது மிஸ்.' 'சாம்பிளுக்கு இரவு மூச்சு வாங்கியது மிஸ்.' 'சாம்பிள் என் தொப்பியைப் பார்த்துச் சிரித்தது மிஸ்.' மேலே இருந்து யாராவது இதைப் படித்திருந்தால் அந்த ஆய்வைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மகள் பெயர் லக்ஷிகா, வயது ஆறு. பிறக்கும்போதே அந்த ஒரு நொதி அவள் உடம்பில் இல்லை. அது இல்லாவிட்டால் உடம்பில் கரைந்து போக வேண்டிய ஒரு கழிவு கரையாது. ஈரல், மூட்டு, முகம் என்று கண்ட இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். வெளிநாட்டில் மனித நொதியையே மருந்தாகச் செய்து வாராவாரம் ஏற்றுகிறார்கள், நம்மால் முடிகிற காரியம் இல்லை என்று கொழும்பு டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி பிரேமினி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். பிள்ளையின் முகம் மாற மாற அக்கம்பக்கத்தார் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் பார்க்கக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட, பிறகு ஒருவரும் வருவதில்லை. இவர் வேலைக்குப் போகிற நேரம் ஒரு கிழவர் மட்டும் பார்த்துக்கொள்வாராம், அவருக்குக் காது கேட்காது.

அப்படி இருக்கையில்தான் கைபேசியில் தேடித் தேடி எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கிறார். அதே நொதி. பெயரில் ஓர் எழுத்து மாற்றமில்லை. எலியுடையது என்பது மட்டும்தான் வித்தியாசம். அவருக்கு வேண்டியது ஒன்றுதான், அதை வாங்கி மகளுக்கு ஏற்ற வேண்டும். எனக்கு வேண்டியதும் ஒன்றுதான், அவர் ஏற்றக் கூடாது.

எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்தக் குப்பியில் இருப்பது கடுகில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது, அதனால் ஒன்றும் ஆகாது என்றேன். ஆனால் கெடுதல் ஆவதற்கு அது போதும் என்றேன். ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டுக்குச் சுத்தமானது இரத்தத்துக்குச் சுத்தமானது இல்லை, உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டை போட்டால் மூச்சு அடைத்து அங்கேயே முடிந்துவிடும் என்றேன். மருந்தை இலவசமாகக் கொடுக்கிற வெளிநாட்டுத் திட்டங்களைத் தேடி அவருக்காக எழுதியும் போட்டேன். ஒன்றில் இந்த நாட்டைச் சேர்ப்பதில்லை என்றார்கள். மற்றதிலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

"உங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வீர்கள் மிஸ்?" என்று ஒரு நாள் கேட்டார்.

எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்ப அழித்தேன். அவரே பொறுக்காமல் பேச்சை மாற்றினார். "உங்கள் நாட்டில் இப்போது பனி கொட்டுமா மிஸ்?" வெளியே மூடுபனியில் லயம்கூடத் தெரியவில்லை. ஆமாம், ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதினேன். அது ஒன்றுதான் நான் அவரிடம் சொன்ன உண்மையான சொந்தக் கதை.

ஒரு வியாழக்கிழமை மாலை அவர் எழுதினார். "குப்பி வந்துவிட்டது மிஸ். நீங்கள் விற்க மாட்டேன் என்றீர்கள், வேறு கம்பெனியில் மச்சான் வாங்கி சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் கொடுத்தனுப்பினான். நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்."

வேண்டாம், போடாதீர்கள், பிள்ளை செத்துப்போகும் என்று எழுதினேன். சாம்பிள் என்று எழுதவில்லை, பிள்ளை என்றே எழுதினேன். மேலே இருப்பவர்கள் படித்தால் வேலை போகும், போகட்டும். பதில் வரவில்லை. படித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. இருட்டும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியக் காலையிலேயே கிளம்பிவிட்டேன். முகவரிதான் முதல் நாளே கைக்கு வந்திருந்ததே. அந்த நொதியைப் பற்றிய கட்டுரைகளை அச்செடுத்து வைத்திருந்தேன், அவற்றை ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டேன். தலவாக்கலையில் ஒரு பஸ், நுவரெலியாவில் இன்னொரு பஸ். ராகலை தாண்டியும் மழை. வழி நெடுக மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். நான்தான் ஜென்னி, வெள்ளைக்காரியும் இல்லை, பெரிய விஞ்ஞானியும் இல்லை, வட்டகொடைக்காரி, உங்களைப் போல லயத்தில் பிறந்தவள், நான் சொல்வதைக் கேளுங்கள். நினைக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் மட்டும் இல்லை. என்னை யார் என்று ஒருவரிடம் சொல்லப் போகிறேன் என்ற சந்தோஷமும் அதில் இருந்தது. அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டேனே என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு. கதவு திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், சவரம் செய்யாத முகம், கம்பளிச் சட்டை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு சாசரில் அந்தச் சின்னக் குப்பி, பக்கத்தில் உறை பிரிக்காத ஊசி.

பிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் குடையைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். "சர்வேயா மிஸ்? வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஃபைலோடு ஒரு பெண் படியேறினால் சர்வேக்காரிதான். போசாக்கு சர்வே, கக்கூஸ் சர்வே, வீட்டுத் திட்ட சர்வே என்று மாறி மாறி வருவார்கள், எழுதிக்கொண்டு போவார்கள், அப்புறம் அவர்களைக் கண்ணால் பார்க்க முடியாது. நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"எழுதிக்கங்க. பேரு முத்துலிங்கம். சம்சாரம் வெளிநாட்டுல. புள்ள ஒன்னு. நோயாளிப் புள்ள, அதையும் எழுதிக்கங்க."

"அது என்னாங்க, குப்பி?" என்றேன்.

சர்வேக்காரிதானே, நாளைக்கு யாரிடம் சொல்லப் போகிறாள் என்று நினைத்திருப்பார். எல்லாவற்றையும் சொன்னார். "காலையிலயே போட்டுறணும்னுதான் எடுத்து வச்சேன். ஆஸ்பத்திரியில வேல செஞ்ச ஒருத்தர்கிட்ட ஊசி போடக்கூடப் பழகிட்டேன். கை வரலங்க. வேணாம்னு ஜென்னி மிஸ் எழுதியிருந்தாங்க, நேத்து ராவுதான் பாத்தேன்."

"யாரு, ஜென்னி மிஸ்ஸா?"

அவர் முகம் மாறியது. அந்த அறையில் அதுவரை இல்லாத ஒரு பெருமை வந்துவிட்டது. "பெரிய விஞ்ஞானிங்க. வெளிநாட்டுல இருக்காங்க. இந்தச் சாமான கண்டுபுடிக்கிற எடத்துல அவங்கதான் பெரியவங்கன்னு நெனைக்கிறேன். அவங்களுக்கு எவ்வளவு வேல இருக்கும், சொல்லுங்க? ஆனா ஒரு நாள் தவறாம கேப்பாங்க, புள்ள சாப்பிட்டாளா, தூங்குனாளான்னு. இங்க பக்கத்து வீட்டுல இருக்கவங்க கேக்கல மிஸ். எங்கயோ இருக்கவங்க கேக்குறாங்க."

"அவங்க சொன்னா கேப்பீங்களா?"

"கேக்காம? இங்க உள்ளவங்க ஆளுக்கொன்னு சொல்றாங்க. மந்திரிக்கச் சொல்றாங்க, ஊசி போடுங்கிறாங்க, விட்டுருங்கிறாங்க. இவங்களுக்கெல்லாம் என்னா தெரியும்? நம்ம லயத்து ஆளுக தானே. அவங்க தெரிஞ்சவங்க. அவங்க போடாதன்னா போடக் கூடாதுதான்."

வழி நெடுக உருப்போட்டு வந்தது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான்தான் அது என்று இப்போது சொன்னால், வேண்டாம் என்ற அந்தச் சொல்லும் நம்ம லயத்து ஆளுகள் சொல்லிவிட்டுப் போகிற நூற்றில் ஒன்றாகிவிடும். குப்பி மேசையில் இருக்கிறது. ஊசி பக்கத்தில் இருக்கிறது. நான் போன பிறகு இந்த வீட்டில் இவரும் பிள்ளையும் மட்டும்தான். அப்படியே விழுங்கிக்கொண்டேன். அவ்வளவு கசப்பான ஒன்றை அதற்கு முன் நான் விழுங்கியதில்லை.

"அப்ப அதக் கொட்டிருங்க" என்றேன்.

"ஜென்னி மிஸ்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான்" என்றார் மரியாதையாக, என்னைப் புண்படுத்தாமல்.

லக்ஷிகா அதுவரை என் ஃபைலின் இலாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் மடங்கி, நீட்ட முடியாமல் இருந்தன. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இலாஸ்டிக்கை இழுத்து விட்டேன். டப் என்றது. சிரித்தாள். மூக்கு அடைத்த, கரகரத்த சிரிப்பு. இன்னொரு தடவை இழுத்தேன். பிறகு அவள் மடங்கிய விரலில் அதை மாட்டிவிட்டு, அவளையே இழுக்க வைத்தேன். எத்தனை தடவை டப் என்றதோ தெரியாது. முத்துலிங்கம் எழுந்து போய் பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்தார், சீனியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எழுதிக்கொள்ள ஒன்றுமே கேட்கவில்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. மழை விட்ட பிறகும் நான் எழும்பவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் எனக்குத் தனிமை தெரியவில்லை என்பதைத் திரும்பும்போதுதான் உணர்ந்தேன். கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலவாக்கலை வரைக்கும் அழுதேன். பக்கத்திலிருந்த சிங்களப் பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு டொஃபியை நீட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு வேலை உண்டு. பிள்ளைக் காம்பராவைத் திறந்து, கணினியைப் போட்டு, ஜென்னியாகி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார்.

"நான் போடவில்லை மிஸ். குப்பியை என்ன செய்ய?"

"கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு, ஆறியதும் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். இனி எங்கேயும் வாங்காதீர்கள்" என்று எழுதினேன்.

"சரி மிஸ். நீங்கள் சொன்னால் சரி." சிறிது நேரம் கழித்து, அவர் இன்னும் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. எழுதி அழித்து எழுதுகிறார். பிறகு வந்தது. "நேற்று வீட்டுக்கு ஒரு பெண் வந்தார் மிஸ். சர்வேக்கு வந்தவர். மகளோடு உட்கார்ந்து மாலைவரை விளையாடினார். எங்கள் வீட்டில் யாரும் அப்படி உட்கார்வதில்லை. போன பிறகு மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வே முடிந்துவிட்டால் மறுபடி வர மாட்டார்கள், இல்லையா? உங்களுக்கு எப்படித் தெரியும், சும்மா கேட்டேன்."

மகள் என்றே எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை. மேலே தொட்டில் வளையங்கள், எதிரே சுவரில் வாத்து, கேட்பதற்கு ஒருவரும் இல்லாத அந்தக் காம்பராவில் 'நான்தான், நான்தான்' என்று வாய்விட்டுத் தமிழில் சொன்னேன்.

பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன். "சர்வே ஒரு தடவையில் முடிகிற காரியம் இல்லை. அவர் வருவார்."

உடனே பதில் வந்தது. "அப்படியா மிஸ்? நேற்று பெயர் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த தடவை வந்தால் கேட்டு உங்களுக்குச் சொல்கிறேன்."